போனின் ஆயுள் பேட்டரியில்

சார்ஜ் ஏறியதும் சுவிட்சை அணைத்தால் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று நினைப்பவர்கள் நிறைய. அணைக்கட்டும், கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: 4,000 எம்ஏஎச் பேட்டரி நிரம்பச் சுமார் 15 வாட்-மணி மின்சாரம் போதும். தினமும் முழுதாக ஏற்றினாலும், சார்ஜரில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்து, வருடத்துக்கு ஏழெட்டு யூனிட்தான் (ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட்). ஒரு ஏசி ஒரே இரவில் இழுத்துவிடும் அளவு அது.

உண்மையான சேதம் போன் நம் கைக்கு வருமுன்பே நடந்து முடிந்துவிடுகிறது. ஒரு போன் தன் ஆயுளில் உண்டாக்கும் கார்பன் உமிழ்வில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தயாரிப்பிலேயே போய்விடுவதாகத் தயாரிப்பாளர்களின் அறிக்கைகளே காட்டுகின்றன. அதில் பெரும்பங்கு சிப்புகளுக்கு. சிலிக்கான் வில்லையின் மேல் படலம் பூசி, அரித்து, மிகத் தூய நீரால் கழுவி, மறுபடி பூசி என நூற்றுக்கணக்கான படிகள். தூசியில்லா அறைகள் இரவு பகலாக ஓடவேண்டும். படலம் பூசும் கலங்களைச் சுத்தம் செய்யப் பயன்படும் நைட்ரஜன் டிரைஃபுளோரைடு, எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைவிட 16,000 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. பெரும்பகுதியைச் சிதைத்துத்தான் வெளியே விடுகிறார்கள். தப்புவது கொஞ்சமானாலும் காற்றில் பல நூற்றாண்டுகள் தங்கும்.

ஆக, இருக்கும் போனை இன்னும் இரண்டு வருடம் ஓட்டுவதுதான் பெரிய மிச்சம். அதற்கு முதலில் குறுக்கே நிற்பது பேட்டரி.

சார்ஜ் ஏறும்போது பேட்டரிக்குள் லித்தியம் அயனிகள் (மின்னூட்டம் கொண்ட லித்தியம் அணுக்கள்) ஒரு முனையிலிருந்து நகர்ந்துபோய் மறுமுனையிலுள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைகின்றன. அந்த கிராஃபைட்டின் மேற்பரப்பில், அயனிகள் நீந்திவரும் மின்பகு திரவம் கொஞ்சம் சிதைந்து மெல்லிய படலமாகப் படியும். படலம் தேவைதான், அது இல்லாவிட்டால் திரவம் சிதைந்துகொண்டே போகும். சிக்கல் என்னவென்றால், அது மெல்ல மெல்லத் தடித்துக்கொண்டே இருக்கிறது. தடிக்கும்போது லித்தியத்தையும் தன்னுள் சிறைபிடித்துக்கொள்கிறது. மாட்டிய லித்தியம் பிறகு வேலைக்கு வராது. திரையில் 100 சதவீதம் என்று காட்டினாலும் மதியத்துக்குள் தீர்ந்துபோவது இதனால்தான்.

பேட்டரியின் இந்த முதுமையை வேகப்படுத்துபவை இரண்டு: சூடும், முழுச் சார்ஜிலேயே கிடப்பதும். இரண்டும் சேர்ந்தால் மிக மோசம். தலையணைக்கு அடியில் வைத்து விடியவிடியச் சார்ஜ் போடுவதும், சார்ஜ் போட்டபடியே கேம் ஆடுவதும் அந்த வகை. அமைப்புகளில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். பூஜ்யம்வரை தீர்த்துவிட்டுத்தான் ஏற்றவேண்டும் என்ற அறிவுரை பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிக்கு உரியது. லித்தியத்துக்கு நேர்மாறு, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதே நல்லது.

அப்படியும் பேட்டரி தளர்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். போன் நீண்டநாள் உழைக்கவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல் விதியே வைத்திருக்கிறது: 800 முறை ஏற்றி இறக்கிய பின்னும் பேட்டரி 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்கவேண்டும், அந்த மாடலின் விற்பனை நின்றபின் 7 ஆண்டுகளுக்கு உதிரிபாகங்கள் கிடைக்கவேண்டும். மென்பொருள் அப்டேட்டுக்கும் 5 ஆண்டு விதி உண்டு. என்னைக் கேட்டால், போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி, அப்டேட் எத்தனை வருடம் வரும் என்பதுதான்.