பூனை மணலை டாய்லெட்டில் கொட்டாதீர்கள்

ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் எடுத்து, வீட்டுப் பூனை மலஜலம் கழிக்கக் கடையில் வாங்கிய பூனை மணலில் ஒரு ஸ்பூன் போட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அடியில் உப்பி, வழவழவென்று பசை மாதிரி உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் அது மணலே இல்லை, சோடியம் பென்டோனைட் என்ற களிமண். மெல்லிய தாள்களை அடுக்கியது போன்ற அமைப்பு அதற்கு. தண்ணீர் இடுக்குகளில் நுழைந்து தாள்களை விலக்குவதால் பல மடங்கு உப்புகிறது. பூனை சிறுநீர் கழித்த இடம் மட்டும் உருண்டையாகத் திரள்வது இதனால்தான். குப்பைக் கிடங்குகளில் கழிவுநீர் மண்ணுக்குள் கசியாமல் தடுக்க அடியில் விரிப்பதும் இதே களிமண்ணைத்தான். அதைத் தினமும் ஃப்ளஷ் செய்தால் குழாயும் செப்டிக் டேங்கும் என்ன பாடுபடும்!

அடைப்பையாவது ஆள் வைத்து எடுத்துவிடலாம். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியை என்ன செய்வது? முதல்முறை தொற்றும்போது பூனை ஓரிரு வாரங்களுக்கு லட்சக்கணக்கான நுண்முட்டைகளை மலத்தில் வெளியேற்றும், அவற்றின் ஓடு குளோரினுக்கே அசையாது, ஈர மண்ணில் ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கும். கலிஃபோர்னியா கடலோரத்தில் கடல் நீர்நாய்கள் இந்த ஒட்டுண்ணியால் செத்திருக்கின்றன. பூனை மணலை ஃப்ளஷ் செய்யாதீர்கள் என்று அதன் பையிலேயே அச்சிட வேண்டும் என 2006-இல் அங்கே சட்டம் வந்தது. ஆகவே 'ஃப்ளஷ் செய்யலாம்' என்று, சோயா சக்கையில் செய்யும் டோஃபு மணல் பையில் போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம். அது தண்ணீரில் கரையும், சரி, முட்டை கரையாதே.

வீட்டுக்குள்ளேயே வளர்ந்து, பச்சை இறைச்சி சாப்பிடாத பூனைக்கு இந்தத் தொற்று வரும் வாய்ப்பு குறைவு. என்றாலும் தினமும் அள்ளிவிடுங்கள், ஏனென்றால் புதிதாக வெளிவந்த முட்டை தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடுவது நல்லது.

களிமண் எரியாது, மக்காது. செய்தித்தாளில் இறுக்கமாகச் சுற்றி, டயப்பர் கொடுப்பது போலத் தனியாகக் கொடுங்கள். மக்கும் குப்பையோடு கலந்தால் தூய்மைப் பணியாளர்தான் அதைக் கையால் பிரிக்க வேண்டியிருக்கும், அது பெரிய அநியாயம்.

என்னைக் கேட்டால், வாங்கும்போதே மரத்தூள் குச்சிகளாகப் பார்த்து வாங்குங்கள். ஈரம் பட்டதும் உதிர்ந்து தூளாகிவிடும். சிறுநீரிலுள்ள யூரியாவை பாக்டீரியா அம்மோனியாவாக மாற்றுவதால்தான் மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம். மரத்தூளில் கார்பன் நிறைய இருப்பதால், அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் அந்த நைட்ரஜனையும் தங்கள் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். அதனால் சிறுநீர் பட்ட தூள் நன்றாகவே மக்கும், மூடி போட்ட வாளியில் சேர்த்து மொட்டைமாடியிலேயே உரமாக்கலாம்.

மலத்தை மட்டும் அந்த வாளியில் சேர்க்காதீர்கள், சுற்றிக் குப்பையில் போடுவதே மேல். முட்டைகளைக் கொல்ல உரக்குவியல் 60 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும், மொட்டைமாடி வாளியில் அது நடக்காது. மலம் பட்ட தூள் கொஞ்சம் உள்ளே போயிருக்கலாம் என்பதால், மூடியில் தேதி எழுதி, மழை இறங்காத இடத்தில் 2 வருடம் ஆறப்போடுங்கள். அப்புறமும் அரளிக்கோ குரோட்டன்ஸுக்கோ மட்டும் போடுங்கள், கீரைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.