நீலப்பூ எல்லாம் விஷ்ணுகிரந்தி ஆகாது

மழைக்காலம் வந்தாலே பாளையங்கோட்டையில் எங்கள் சித்த மருத்துவப் பிரிவுக்குக் காய்ச்சல்காரர்கள் வரிசையாக வருவார்கள். போன வாரம் வந்த ஒரு தாய், "மூணு நாளா விஷ்ணுகிரந்திக் கசாயந்தான் குடுக்கேன் டாக்டர், பிள்ளைக்கு வயித்துப்போக்குதான் நிக்கல" என்றார். பையைத் திறந்தால் விஷ்ணுகிரந்தி மூலிகை இல்லை, அதே போல நீலப்பூ பூக்கும் சங்குப்பூக் கொடி, வேரோடு! இதே கதையை எத்தனை முறைதான் கேட்பது?

தயவுசெய்து கவனியுங்கள். சங்குப்பூ வேலியில் சுற்றி ஏறும்; அவரைக் குடும்பம்; ஒரு காம்பில் ஐந்து, ஏழு என்று சிற்றிலைகள்; பூ பெரியது. விஷ்ணுகிரந்தி எதிலும் ஏறாது, சுற்றாது. ராதாபுரம், நாங்குநேரிப் பக்கத்துப் பரம்பிலும் (வறண்ட மேட்டு நிலம்) சரள் மண்ணிலும் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். கம்பி போன்ற மெல்லிய தண்டு, பட்டு மாதிரி வெள்ளை மயிர், ஒற்றை இலை. பூ சட்டைப் பித்தான் அளவுகூட இருக்காது. காலையில் விரிந்து மதியத்துக்கு மேல் சுருங்கிவிடும். நர்சரியில் விஷ்ணுகிரந்தி என்று தொட்டியில் விற்கிறார்களே, பெரிய நீலப்பூவோடு, அதுவும் இது இல்லை. அது பிரேசிலிலிருந்து வந்த அழகுச்செடி. இரண்டும் ஒரே பேரினம்தான் (genus), ஆனால் மருந்துக்குச் சொன்னது நம் பரம்புச் செடி. சங்குப்பூவோ இந்தப் பேரினமே கிடையாது. அதன் வேரும் விதையும் பேதியாக்கும். காய்ச்சலில் ஏற்கெனவே நீர் வற்றிய குழந்தைக்கு அதைக் கொடுத்தால் என்ன ஆகும்?

சரி, சரியான செடியே கிடைத்துவிட்டது என்று வையுங்கள். சித்த மருத்துவத்தில் காய்ச்சலுக்கு விஷ்ணுகிரந்தி உண்டு, நானும் எழுதிக் கொடுக்கிறேன். அதற்காக இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடச் சொன்னது யார்? டெங்குவா, வேறு காய்ச்சலா என்று தெரியாமல் நானே மருந்தெழுத மாட்டேன்.

இன்னொன்று. வேர் முதல் பூ வரை முழுச் செடியும், அதாவது சமூலம், மருந்து என்பதால் பார்த்த இடத்தில் எல்லாம் பிடுங்கிவிடுகிறார்கள். பாறை இடுக்கில் இருக்கும் அந்த வேர்க்கட்டையிலிருந்துதான் அது மறுபடி தழைக்கும். விட்டுவிடுங்களேன்.

டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் தணியும் நேரத்தில்தான் வரும். உடம்பு ஆறிவிட்டது, கசாயம் கேட்டுவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், பிள்ளை துவண்டு கிடப்பது, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ராத்திரி ஆனாலும் சரி.