குறி தப்புவது குழலிலா, விரலிலா?

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் கடலையோ கிழங்கோ போட்டவர்களிடம் காட்டுப்பன்றி என்று வாயெடுத்தால் போதும், விடிய விடியப் பேசுவார்கள். பயிரை அழிக்கும் பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரத்தை 2022 மே மாதம் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்தது. விஷம், வெடி, மின்வேலி எதுவும் கூடாது. உரிமம் பெற்ற துப்பாக்கியால் சுடலாம். அதிலிருந்து சித்தூர் தாலுகா டீக்கடைகளில் ஒரு வாக்குவாதம் ஓயவே இல்லை. குறி தப்பினால் குற்றம் துப்பாக்கியுடையதா, சுட்டவருடையதா? என் கட்சி இரண்டுக்கும் நடுவே இருக்கிறது: டிரிக்கர்.

துப்பாக்கியின் துல்லியத்தைக் கோணத்தில்தான் அளப்பார்கள். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, ஒரு எம்.ஓ.ஏ. நூறு மீட்டர் தள்ளி அது 2.9 சென்டிமீட்டர் அகலம், முன்னூறு மீட்டரில் ஏறக்குறைய 9. அமெரிக்கச் சமவெளிகளில் புல்வெளி நாய் என்றொரு விலங்கு உண்டு. பெயர்தான் நாய், உண்மையில் அணில் சாதி; உடம்பு ஒரு முழம்கூட இருக்காது. மேய்ச்சல் நிலமெங்கும் வளை தோண்டுவதால் மாடு வளர்ப்பவர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. இப்படிப்பட்ட சின்ன உருவத்தை அவ்வளவு தூரத்திலிருந்து சுடுவதற்கென்றே வளர்ந்ததுதான் வார்மின்ட் ரைஃபிள். குண்டு சிறியது, வேகம் அசுரத்தனமானது: 1935இல் வந்த .220 ஸ்விஃப்ட் குண்டு விநாடிக்கு 1,200 மீட்டரைத் தாண்டும். குழலைத் தடிமனாகச் செய்வார்கள். தடித்த குழல் மெதுவாகச் சூடேறும், குறைவாக அதிரும். ஒரு எம்.ஓ.ஏ.வுக்குள் குண்டுகளைச் சேர்க்காத வார்மின்ட் ரைஃபிளை அங்கே யாரும் மதிப்பதில்லை.

குழலுக்கு இத்தனை பாடுபட்டாலும், கடைசியில் அதைச் சுட வைப்பது ஒரு விரல்தானே.

டிரிக்கர் வேலை செய்யும் விதம் பார்க்க எளிது. தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பை அடிக்கும் ஊசிக்குப் பின்னால் வலுவான ஸ்பிரிங் இறுகிக் காத்திருக்கிறது. அதை ஓடவிடாமல் பிடித்து நிற்பது சியர் என்கிற சின்ன எஃகுத் துண்டு. மேட்டில் நிறுத்திய பாரவண்டியின் சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுப்போம் இல்லையா, அந்தக் கல்தான் சியர். வண்டியின் பாரம் கல்லை அழுத்தும். பாரம் கூடக்கூட, கல்லின் முகம் சொரசொரப்பாக இருக்க இருக்க, அதை உருவுவது கடினமாகும். ஸ்பிரிங்கின் அழுத்தம், இரண்டு எஃகு முகங்களுக்கு இடையிலான உராய்வு, டிரிக்கரின் நெம்புகோல் அளவு மூன்றும் சேர்ந்துதான் இழுக்க வேண்டிய எடையை நிர்ணயிக்கின்றன. முகங்களைக் கண்ணாடிபோல் மெருகேற்றினால் ஸ்பிரிங்கைத் தொடாமலேயே எடை குறையும்.

எடையைக் காட்டிலும் தொல்லை கொடுப்பது இழுவை. மட்டமான டிரிக்கரில் சியர் ஒரேயடியாக விடுபடாது. கொஞ்சம் நகரும், நிற்கும், மறுபடி நகரும். எப்போது வெடிக்குமோ என்று விரல் தவிக்க ஆரம்பிக்கும். வரப்போகிற உதையை நினைத்துத் தோள் முன்கூட்டியே இறுகும், கண் மூடும். நல்ல டிரிக்கர் அசையவே அசையாது, பிறகு சட்டென்று விட்டுவிடும்.

விட்ட பிறகும் ஒரு வம்பு இருக்கிறது. 3.3 கிலோ துப்பாக்கியில் டிரிக்கரை 2.5 கிலோ விசையோடு இழுக்கிறோம் என்று வையுங்கள். சியர் விடுபட்டதும் எதிர்ப்பு காணாமல் போகிறது. விரலில் அதே விசை மிச்சமிருப்பதால் டிரிக்கர் பின்னால் பாய்ந்து முட்டுகிறது, துப்பாக்கி குலுங்குகிறது. அந்த நேரத்தில் குண்டு எங்கே? இன்னும் உள்ளேதான். ஊசி கேப்பைத் தொடவே பழைய ராணுவ வகைகளில் ஐந்து மில்லிவிநாடியோ மேலோ ஆகும். புதிய வகைகளில் மூன்றுக்குப் பக்கம். அதற்கப்புறம்தான் குண்டு குழலைக் கடக்க வேண்டும். துப்பாக்கி ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அடிக்கட்டை தோளில் நிற்க, முனை மட்டும் ஒரு மில்லிமீட்டர் விலகினால் நூறு மீட்டரில் குண்டு பத்து சென்டிமீட்டர் விலகிப் போகும். குழல் சம்பாதித்துக் கொடுத்த துல்லியத்தைப்போல் மூன்று மடங்கை விரல் செலவழித்துவிட்டது.

நம் பக்கம் உரிமத்தில் கிடைக்கும் .315 ரைஃபிள், பழைய லீ-என்ஃபீல்டு ராணுவத் துப்பாக்கியின் வழிவந்தது. அதன் டிரிக்கர் இரண்டு கட்டம். ராணுவ அளவில் முதல் கட்டத்துக்கு ஒன்றரை கிலோவை ஒட்டி, இரண்டாவதற்கு இரண்டரை கிலோவை ஒட்டி இழுக்க வேண்டும். முதல் கட்டத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு குறி பார்க்கப் பழகியவருக்கு இது மோசமில்லை. சின்னச் சின்ன ரவைகளைச் சிதறவிடும் இரட்டைக்குழல் ‘பன்னிரண்டு போர்’ துப்பாக்கி வேறு கதை. ரவை விரிந்து போவதால் கிட்டத்தில் சில சென்டிமீட்டர் தவறு மறைந்துவிடும். ஒற்றைக் குண்டு போட்டுச் சுடும்போதுதான் டிரிக்கரின் லட்சணம் தெரியும்.

பன்றி சுடுபவர்களின் பஞ்சாயத்துப் பட்டியலில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம், “உங்க டிரிக்கர் ரொம்பக் கனமுங்களா மாமா?” என்று கேட்டேன். “கனமாத்தான் கண்ணு இருக்கோணும். வெரல் பட்டதும் வெடிச்சா பன்னி தப்பிச்சுக்கும், நாய் செத்துப்போகும்” என்றார். ராத்திரி, வரப்பு, வேலி, கூட நாலு பேர், முன்னால் ஓடும் நாய்கள். அவர் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. அபினவ் பிந்த்ரா 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் டிரிக்கருக்குக் குறைந்தபட்ச எடை என்று எதுவும் கிடையாது. அங்கே வேலியும் இல்லை, நாயும் இல்லை.

அதனால்தான் சியரை வீட்டில் அரம் போட்டுத் தேய்ப்பது வினையை விலைக்கு வாங்குவது. பல சியர்களில் மேல்தோல் மட்டுமே கடினப்படுத்திய எஃகு. அது தேய்ந்தால் உள்ளே மென்மையான இரும்பு. கொஞ்ச நாளில் விளிம்பு மழுங்கி, கீழே விழுந்தாலோ, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டை ஓங்கி அடைத்தாலோ தானாக வெடிக்கும். பெரிய கம்பெனிக்கும் இது விளையாட்டல்ல. 2014இல் ரெமிங்டன் நிறுவனம், டிரிக்கரைப் பொருத்தும்போது பிசின் கூடுதலாகப் போனதற்காகவே 2006 முதல் விற்ற மாடல் 700 துப்பாக்கிகளைத் திரும்ப அழைத்தது. சாவேஜ் நிறுவனம் கண்ட வழி எனக்குப் பிடித்தது: டிரிக்கரின் நடுவே ஒரு மெல்லிய தகடு. விரல் அதை முழுக்க அழுத்தாதவரை, சியர் நழுவினாலும் ஊசி கேப்பை எட்டாது. அந்தக் காவல் இருக்கும் தைரியத்தில் டிரிக்கரை முக்கால் கிலோவை ஒட்டிக்கூட வைத்துக்கொள்ளலாம்.

சரி, கையிலிருக்கும் டிரிக்கர் எப்படி என்று தெரிந்துகொள்ளச் செலவு அதிகமில்லை. தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, அறைக்குள் போலித் தோட்டாவைப் போட்டு, முன் குறிக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து இழுக்கலாம். இரட்டைக்குழலில் நடுவே ஓடும் பட்டை நாணயம் நிற்க வாகாக இருக்கும். நாணயம் விழுந்தால் விரலைப் பழக்க வேண்டும். எடைக்கு, மூட்டை நிறுக்கும் கொக்கித் தராசை டிரிக்கரில் மாட்டி நேர் பின்னால் இழுத்து, விடுபடும்போது என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு முறை இழுத்ததில் எண்கள் கிட்டக்கிட்ட வந்தால் கனமான டிரிக்கருக்கும் பழகிவிடலாம். ஒருமுறை ஒன்றரை, அடுத்த முறை இரண்டரை என்று தாவினால் அன்று ராத்திரி காவலுக்கு வேறு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, இதை உரிமம் பெற்ற ஆர்மரியில் கொடுத்துவிடுங்கள்.