ஹெட்லைட் வேர்த்தால் சிலிக்கானைத் தூக்காதீர்கள்

இந்த மாதத்தில் என்னிடம் வந்த மூன்றாவது ஹெட்லைட் இது. கழற்றி மேசைமேல் வைத்துச் சாய்த்தால், உள்ளே தண்ணீர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடும் சத்தம் கேட்கிறது. வெளியே சுற்றிலும் சிலிக்கான் பசை. கண்ணாடி ஓரம், பின்மூடி, ஒயர் நுழையும் இடம் என்று ஒரு இடம் பாக்கியில்லை. "லேசா ஆவி படிஞ்சுது அண்ணே, நானே நல்லா அடைச்சுட்டேன்" என்றார் வண்டிக்காரர். பெருமையாகத்தான் சொன்னார். பிரித்துப் பார்த்தபோது எல்இடியை இயக்கும் போர்டு முழுக்கக் களிம்பு ஏறியிருந்தது. அந்த மாடலில் போர்டு தனியாகக் கிடைக்காது, மொத்த ஹெட்லைட்டையும்தான் மாற்ற வேண்டும். லேசான ஆவியோடு விட்டிருந்தால் இன்னும் பல வருடம் ஓடியிருக்கும்.

ஹெட்லைட் காற்றுப் புகாத டப்பா இல்லை. இல்லவே இல்லை. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே கிடையாது, ஆனாலும் "உள்ளே ஈரம் வந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது, அடைத்துவிட வேண்டும்" என்றுதான் எல்லோரும் வருகிறார்கள். ஒரு காலத்தில் அப்படிப்பட்ட விளக்கு இருந்தது உண்மைதான். கண்ணாடியும், ஒளியை முன்னால் திருப்பும் ரிப்ளெக்டரும் ஒரே துண்டாக மூடிய சீல்டு பீம். அமெரிக்காவில் 1940இல் தொடங்கி 1983 வரை புது கார்களுக்கு அது மட்டும்தான் அனுமதி. பல்ப் போனால் முழு விளக்கையும் தூக்கிப் போட வேண்டும். இன்று உங்கள் வண்டியில் இருப்பது அது இல்லை.

இன்றைய ஹெட்லைட் மூச்சுவிடும். பின்பக்கம் தடவிப் பாருங்கள், கீழ்நோக்கி வளைந்த சின்ன ரப்பர் குழாயோ, பொத்தான் அளவில் ஒரு மூடியோ இருக்கும். அதுதான் வெண்ட், காற்று போய்வரும் வழி. விளக்கு எரியும்போது உள்காற்று சூடாகி விரியும். 25 டிகிரியில் இருக்கும் காற்று 60 டிகிரிக்குப் போனால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பெருகும். அது வெளியே போக வழி வேண்டாமா? அணைத்தால் காற்று சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். வெண்ட் திறந்திருந்தால் வெறும் காற்று வரும். அதை நீங்கள் சிலிக்கான் போட்டு அடைத்துவிட்டால், சீலில் எந்த இடம் பலவீனமோ அந்த வழியாக இழுக்கும். அந்த இடத்தில் மழைநீர் நின்றால் அதையும் சேர்த்தே இழுக்கும். போன தண்ணீர் திரும்பி வர வழியில்லை. நீங்கள் அடைத்தது ஓட்டையை இல்லை, மூக்கை.

இன்னொன்று. சில மலிவான சிலிக்கான்கள் காயும்போது வினிகர் வாடை வரும், கவனித்திருப்பீர்கள். அது அசிட்டிக் அமிலம். ரிப்ளெக்டரின் பளபளப்பு அலுமினியத்தின் மெல்லிய பூச்சு. மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி சுற்றினால் பளபளப்பு என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, எது சாதாரணம், எது கோளாறு? கண்ணாடிமேல் வாயால் ஊதியது போல மெல்லிய ஆவி, பெரும்பாலும் ஒரு மூலையில். மழைக்குப் பிறகு, வண்டி கழுவிய பிறகு, குளிர்ந்த இரவுக்குப் பிறகு வரும். விளக்கைப் போட்டு ஓட்டினால் மெல்ல மறையும். இதற்காக என்னிடம் வர வேண்டாம். எல்இடி விளக்கானால் கொஞ்சம் கூடுதலாகப் பொறுமை வேண்டும். 55 வாட் ஹாலோஜன் பல்ப் தன் சூட்டிலேயே கண்ணாடியை உலர்த்திவிடும். எல்இடியின் சூடு பின்னால் இருக்கும் உலோகத் தகடு வழியாகப் போய்விடுவதால் முன்கண்ணாடி குளிர்ச்சியாகவே இருக்கும். ஒரு நாள் ஆவி நின்றாலும் பதற வேண்டியதில்லை.

துளி துளியாகக் கோர்த்து வழிகிறது, அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, நாலு நாள் கழித்தும் அப்படியே இருக்கிறது என்றால் கோளாறு. ஒரு பக்கம் மட்டும் எப்போதும் வேர்த்து, மறுபக்கம் தெளிவாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். இரண்டும் ஒரே மழையில்தானே நனைந்தன?

கோளாறு என்றால் முதலில் பின்மூடியைப் பாருங்கள். பல்ப் மாற்றியவர் அவசரத்தில் கோணலாக மூடியிருப்பார், ரப்பர் வளையம் மடிந்திருக்கும், அல்லது மூடியே இருக்காது. நான் பார்த்த கேஸ்களில் பாதிக்கு மேல் இதோடு முடிந்துவிடும். ஹாலோஜன் விளக்கில் விசிறி வைத்த எல்இடி பல்பைத் திணிப்பவர்கள் தனி ரகம். பின்னால் நீட்டிக்கொண்டு நிற்பதால் மூடி மூடாது, அதனால் மூடியையே ஓட்டை போடுவார்கள். அது எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்வது வேறு விஷயம், அதைப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன். அப்புறம் வெண்டில் சேறோ சிலந்திக்கூடோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பம்பரில் லேசாக இடித்திருந்தால், ஹெட்லைட்டைப் பிடித்திருக்கும் காதுகளின் அடியில் முடி அளவு விரிசல் இருக்கலாம்.

உலர்த்துவது சுலபம். பல்பையும் பின்மூடியையும் கழற்றி, உலர்ந்த இடத்தில் வெயில் படும்படி சில மணி நேரம் வைத்தால் போதும். அவசரமென்றால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள். ஹீட் கன் வேண்டவே வேண்டாம். கண்ணாடி என்று நாம் சொல்வது பாலிகார்பனேட், 150 டிகிரி நெருங்கும்போதே இளகிவிடும், ஹீட் கன்னோ அதற்கு மூன்று மடங்கு போகும். துணியைக் குச்சியில் சுற்றி உள்ளே விட்டுத் துடைக்காதீர்கள், ரிப்ளெக்டரில் கீறல் விழுந்தால் விழுந்ததுதான். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே போட்டு மூடிவிடும் வைத்தியமும் வேண்டாம். கொஞ்ச நாளில் அது நிறைந்துவிடும், பல்பில் பட்டால் பொசுங்கும். தண்ணீர் வடிய அடியில் ட்ரில் போடுவதும் அப்படித்தான். வடிகிற வழியாகவே டயர் வாரியடிக்கும் சேறும் ஏறும்.

கழுவும்போது பிரஷர் பம்பைக் கண்ணாடி சேரும் ஓரத்தில் நேராகக் காட்டாதீர்கள். இரவு முழுக்க எரிந்த விளக்கில் வந்ததும் வராததுமாகப் பச்சைத் தண்ணீரை அடிக்காதீர்கள். செனான் விளக்குக்குள் தண்ணீர் தேங்கியிருந்தால், தயவுசெய்து நீங்களே கழற்ற வேண்டாம். பற்றவைக்கும் நொடியில் அதில் 20,000 வோல்ட்டுக்கு மேல் பாயும்.

அந்த மூன்றாவது வண்டியின் மறுபக்க ஹெட்லைட்டிலும் அவர் அதே வேலையைச் செய்திருந்தார். நல்ல வேளை, அதில் தண்ணீர் தேங்கவில்லை, ஆவி மட்டும்தான். வெண்டின் மேலிருந்த சிலிக்கானைச் சுரண்டி எடுக்க ஒரு மணி நேரம் பிடித்தது. மூன்றாம் நாள் அவரே போன் செய்து சொன்னார், கண்ணாடி தெளிந்துவிட்டதாம்.