அறுந்த நரம்புக்கு வழிகாட்டுவது யார்?

"மணிக்கட்டில் நரம்பு அறுந்தவருக்கு ஸ்டெம் செல் ஊசி போட்டால் வளர்ந்துவிடுமா?" என்று கேட்கிறார் ஒரு வாசகர். 'நரம்பு ஊசி' என்று நாம் சொல்வது சிரையில் போடுவது. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது உணர்வையும் கட்டளையையும் கடத்தும் நரம்பு.

கை, கால்களில் உள்ள நரம்பு, ஊசி எதுவும் இல்லாமலேயே வளரும், நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். தோளருகே அறுந்தால் விரலை எட்ட இரண்டு வருடம்கூட ஆகலாம். அதற்குள் தசை சூம்பிவிடும்.

அறுந்த இடத்துக்கு அப்பாலுள்ள நரம்பிழை செத்துவிடும் என்பதை 1850இல் ஆங்கிலேய மருத்துவர் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்பை வெட்டிக் காட்டினார். ஆனால் அந்த இழைக்கு மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றிய ஷ்வான் செல்கள் சாவதில்லை. தொழிலை மாற்றிக்கொள்கின்றன! தாங்கள் சுற்றிய உறையைத் தாங்களே தின்று செரித்துவிட்டு, வரிசையாக நின்று வளர்ச்சிப் புரதங்களைச் சுரக்கின்றன. புது இழை அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டே நகரும்.

சரி, இரண்டு முனைகளுக்கும் நடுவே சிறு இடைவெளி விழுந்தால்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இடைவெளிக்குள் ஆக்சிஜன் குறைகிறது. அங்கே குவிந்திருக்கும், கழிவுகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் அதை உணர்ந்து ஒரு புரதத்தைச் சுரக்க, புது ரத்தக் குழாய்கள் குறுக்கே முளைக்கின்றன. அந்தக் குழாய்களின்மேல் ஷ்வான் செல்கள் ஊர்ந்து போகின்றன. அவற்றின் பின்னால் நரம்பிழை. எலிகளில் இதைக் கண்டு 2015இல் வெளியிட்டார்கள். மூச்சுத் திணறல்தான் அங்கே பாலம் கட்டச் சொல்கிறது.

இடைவெளி பெரிதானால் இந்த வித்தை பலிக்காது. கெண்டைக்காலின் பின்புறமுள்ள சூரல் நரம்பை எடுத்து ஒட்டுவார்கள். பாதத்தின் வெளியோரம் மரத்துப்போகும், அதுதான் விலை. வெற்றுக் குழாயும் வைக்கலாம், ஆனால் 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் நம்ப முடியாது. கொடையாளர் நரம்பிலிருந்து செல்களைக் கழுவி நீக்கிவிட்டும் பொருத்துகிறார்கள். இவை இரண்டிலும் இல்லாதது ஷ்வான் செல்.

வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல் வருவது இங்கேதான். கொழுப்பிலிருந்தோ எலும்பு மஜ்ஜையிலிருந்தோ எடுத்து, ஷ்வான் போல நடக்கப் பழக்கி, ஒட்டுக்குள் வைப்பது. பெரும்பாலும் அவை புது நரம்பாக மாறுவதில்லை. சுரக்கும் புரதங்களால்தான் உதவுகின்றன. விலங்குகளில் நல்ல பலன். மனிதர்களில் இன்னும் சிறு அளவிலான சோதனைகள்தான். அதற்குள் காசு வாங்கிக்கொண்டு ஊசி போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது.

மணிக்கட்டில் நரம்பு அறுந்த அந்த நபரை முதலில் நரம்புத் தையல் தெரிந்த அறுவை மருத்துவரிடம் அனுப்புங்கள், சீக்கிரம். மாதக்கணக்கில் இழை வந்து சேராவிட்டால் ஷ்வான் செல்களும் புரதம் சுரப்பதைக் குறைத்துக்கொண்டு, வரிசை கலைந்துவிடும்.