விசிறி வயிற்றுக்குள் இருக்கும் விமானம்

ரேடியோவில் பறக்கும் மாடல் ஜெட்களில் நிஜமான டர்பைன் வைத்தவையும் உண்டு. மண்ணெண்ணெயில் ஓடி, நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்பவை. ஆனால் பால்சா என்ற லேசான மரத்தில் வெட்டிய பாகங்களைக் கிட்டாக வாங்கிக் கட்டுபவர்கள் பொதுவாகக் கட்டுவது மின்சார ஜெட்தான். உடலுக்குள் ஒரு குழாய், அதற்குள் பல இதழ்கள் கொண்ட சிறிய விசிறி, அதைச் சுற்ற ஒரு பிரஷ்லெஸ் மோட்டார். முன்னால் நுழையும் காற்று பின்னால் பீறிட்டு வெளியேறும். அந்த எதிர்விசையில்தான் விமானம் முன்னே போகிறது.

கேட்க எளிது. ஆனால் புரொப்பெல்லரை மூக்கிலிருந்து எடுத்து வயிற்றுக்குள் வைத்ததும், மரம் பொறுக்குவதிலிருந்து தரையிறக்குவது வரை எல்லாமே மாறிவிடுகிறது.

நொடிக்கு எவ்வளவு காற்றைத் தள்ளுகிறோம், அதற்கு எவ்வளவு கூடுதல் வேகம் கொடுக்கிறோம் என்ற இரண்டையும் பெருக்கினால் உந்துவிசை கிடைக்கும். ஆனால் செலவாகும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 70 மி.மீ. விசிறி ஒன்று, காற்றை நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் தள்ளினால் சுமார் 1.4 கிலோ உந்துவிசை தரும். விமானம் நின்ற இடத்தில் இருக்கும்போது, 25 செ.மீ. புரொப்பெல்லர் இதே விசையை நொடிக்கு 22 மீட்டர் வேகக் காற்றிலேயே கொடுத்துவிடும். கணக்குப்படி அதற்குத் தேவைப்படும் திறன், விசிறி கேட்பதில் பாதிகூட இல்லை. அந்தக் கூடுதல் திறனுக்காக ஜெட் பெரிய பேட்டரியைச் சுமக்க வேண்டும். பேட்டரியில் ஏறும் எடையை வேறெங்காவது குறைத்தாக வேண்டும். பால்சா அங்கேதான் கைகொடுக்கிறது.

பால்சா வேகமாக வளரும் மரம். உலகத் தேவையில் பெரும்பகுதி ஈக்வடாரிலிருந்து வருகிறது. நட்ட ஐந்தாறு ஆண்டுகளிலேயே வெட்டிவிடலாம். மரத்தின் செல்கள் பெரியவை, நீர் நிறைந்தவை. உலர்த்தியதும் நீர் போய், மெல்லிய சுவர்களும் காற்றும்தான் மிஞ்சும். கன மீட்டருக்குச் சராசரியாக 160 கிலோ. ஆனால் 100 கிலோ மரமும் உண்டு, 200 கிலோ மரமும் உண்டு. ஒரு மீட்டர் நீளம், 10 செ.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் உள்ள பலகை ஒன்று 30 கிராம் இருக்கலாம், பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் இன்னொன்று 60 கிராம் இருக்கலாம். அதனால் ஒட்டத் தொடங்கும் முன் எல்லாப் பலகைகளையும் தராசில் வைத்து, எடையைப் பென்சிலால் எழுதிவிடுவது நல்லது. கனமானவை இறக்கையின் நீளவாக்கில் ஓடி எடையைத் தாங்கும் ஸ்பாருக்கு, லேசானவை வாலுக்கு.

மரத்தை அறுத்த திசையையும் பார்க்க வேண்டும். மேலே மினுங்கும் சிறு புள்ளிகள் தெரிந்தால் அந்தப் பலகை அகலவாக்கில் வளையாது. இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டுகளான ரிப்புகளுக்கு ஏற்றது. நீண்ட கோடுகள் மட்டும் தெரிந்தால் சுலபமாக வளையும். உடலின் வளைந்த பகுதிகளை மூட அதுதான் வேண்டும். இதை மாற்றிப் போட்டால் ஒரு பக்கம் ரிப் தளரும், மறுபக்கம் உடலை மூடும் பலகை விரிசல் விடும்.

இறக்கைக்குள் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ஸ்பார்கள் ஓடும். இறக்கை மேல்நோக்கி வளையும்போது மேல் ஸ்பார் அமுங்கும், கீழ் ஸ்பார் இழுபடும். இரண்டுக்கும் நடுவே, மரத்தின் இழை நிமிர்ந்து நிற்கும்படி மெல்லிய பால்சாத் துண்டுகளை ஒட்டுவார்கள். இவை இல்லாவிட்டால் இரண்டு ஸ்பாரும் தனித்தனியே வளைந்து, முதல் திருப்பத்திலேயே இறக்கை மடங்கலாம். சில கிராம் மரம்தான், ஆனால் முழு விமானத்திலும் எனக்கு மிகவும் பிடித்த பாகம் இதுவே.

பின்நோக்கிச் சாய்ந்த ஜெட் இறக்கைக்கு இன்னொரு பிரச்சினை உண்டு. வேகம் குறைந்தால் நுனிப்பகுதிதான் முதலில் ஏற்றத்தை இழக்கும். உடனே விமானம் ஒரு பக்கமாகச் சரியும். அதனால் கட்டும்போதே நுனியின் பின்விளிம்பை ஓரிரு டிகிரி உயர்த்தி முறுக்கிவிடுவார்கள்.

அப்புறம் காற்றுக்குழாய். நுழைவாயிலின் விளிம்பு கூர்மையாக இருந்தால், திரும்பி உள்ளே வரும் காற்று சுவரை விட்டுப் பிரிந்து சுழலும். விசிறி இரைச்சல் போடுமே தவிர இழுக்காது. விளிம்பை உப்புத்தாளால் நன்றாக உருட்ட வேண்டும். வெளியேறும் வாயை விசிறியின் காற்றுவழிப் பரப்பைவிடச் சற்றுச் சிறிதாக வைப்பது வழக்கம். ஒயர் எதுவும் குழாய்க்குள் தொங்கக்கூடாது.

ஈர்ப்பு மையத்தைப் பெரும்பாலும் இறக்கையின் சராசரி அகலத்தில், முன்விளிம்பிலிருந்து கால் பங்கு தூரத்தை ஒட்டி வைப்பார்கள். சரியான இடம் வரைபடத்தில் குறித்திருக்கும். அது பின்னால் போய்விட்டால் விமானம் மூக்கைத் தூக்கும், அடக்க முடியாது. இந்த மையத்திலிருந்து வால் 60 செ.மீ. பின்னால், பேட்டரி 20 செ.மீ. முன்னால் என்றால், வாலில் சிந்திய ஒரு கிராம் பசைக்கு மூக்குப் பக்கம் மூன்று கிராம் ஈடு வைக்க வேண்டும்.

ரேடியோ பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் வரும் கட்டளையை ரிசீவர் 1 முதல் 2 மில்லிநொடித் துடிப்புகளாக மாற்றி வால், இறக்கையின் அசையும் பகுதிகளைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவுக்கு அனுப்பும், 1.5 என்றால் நடுநிலை. சிக்னல் போனால் மோட்டார் தானாக நிற்கும்படி அமைத்து, அதைத் தரையிலேயே சோதித்துவிட வேண்டும்.

சரி, பறக்க விடலாம். மூக்கில் புரொப்பெல்லர் இருந்தால், மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைத் திறந்ததுமே வால் மீது காற்று அடிக்கும். விமானம் நின்றிருந்தாலும், மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டர் வேலை செய்யும். ஜெட்டில் அந்தக் காற்று குழாய் வழியே நேராகப் பின்னால் போய்விடும். விமானமே வேகம் எடுத்தால்தான் வாலுக்குக் காற்று கிடைக்கும். அதனால் ஓடுபாதை நீளமாக வேண்டும். மூக்கை அவசரப்பட்டுத் தூக்கவும் கூடாது.

தரையிறக்கும்போதும் இதே கதைதான். வேகம் குறைந்த பிறகு த்ராட்டிலைத் திறந்தால், விசிறி சுழற்சி ஏறி, அப்புறம் விமானம் வேகம் பிடித்து, அதன் பிறகுதான் வால் பேச்சைக் கேட்கும். அதற்குள் தரை வந்துவிடும். அதனால் த்ராட்டிலை முழுவதும் மூடாமல், கொஞ்சம் திறந்து வைத்தபடியே இறக்க வேண்டும். வேகம் போதவில்லை என்று தோன்றினால், உயரம் இருக்கும்போதே மறுசுற்றுக்குப் போய்விட வேண்டும். அந்த ஒரு சுற்றுக்கான மின்சாரத்தையும் பேட்டரியில் மிச்சம் வைத்து, டைமரை முன்கூட்டியே அடிக்கும்படி அமைப்பார்கள்.