ஊதா மூடி டியூபில் மிச்சம் இருந்தாலும் ஊற்றாதீர்கள்

பொட்டாசியம் 9.2, கால்சியம் 4.1. சென்ற வாரம் ஒரு காலையில் எங்கள் லேபில் ஒரு பாட்டியின் ரிசல்ட்டில் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வீட்டுக்குப் போய் ரத்தம் எடுத்துவந்த பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மஞ்சள் மூடியில் கொஞ்சம் குறைஞ்சுது மேடம். ஊதாவில் மிச்சம் இருந்துது, அதிலிருந்து ஊத்தினேன். இன்னொரு தடவை குத்தாதப்பான்னு பாட்டி சொல்லிட்டாங்க." இந்த ஆண்டில் இது மூன்றாவது தடவை. மறுபடி குத்தி எடுத்ததில் பொட்டாசியம் 4.3.

நல்லவேளை, ரிசல்ட் வெளியே போகவில்லை. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை போய்விட்டது. 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டிய பொட்டாசியம் 9-ஐத் தாண்டியிருந்தால் எந்த டாக்டர் சும்மா இருப்பார்? நன்றாக நடமாடிக்கொண்டிருந்த பெரியவரை ராத்திரியோடு ராத்திரியாக ஐசியூவில் சேர்த்து, பொட்டாசியத்தை இறக்க இன்சுலின் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். ஈசிஜி நார்மலாக இருக்கிறதே என்று ஒருவர் சந்தேகப்பட்ட பிறகுதான் நிறுத்தினார்கள்.

"எல்லாம் ஒரே ரத்தம்தானே?" என்று கேட்கிறார்கள். ரத்தம் ஒன்றுதான். டியூப்தான் வேறு வேறு. அது வெறும் பாட்டில் இல்லை, உள்ளே மருந்து இருக்கிறது. மூடியின் நிறம் அழகுக்காக வைத்ததில்லை, உள்ளே இருக்கும் மருந்தின் அடையாளம் அது. ஊதா மூடி டியூபின் சுவரை உற்றுப் பாருங்கள், வெள்ளையாகப் படிந்திருக்கும். அது ஈடிடிஏ, பெரும்பாலும் பொட்டாசியம் உப்பாக. ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உறையவிடாமல் செய்யும். ரத்த அணுக்களை எண்ணவும் மூன்று மாதச் சர்க்கரை பார்க்கவும் இதுதான் வேண்டும். ஆனால் அதே ரத்தத்தைக் கொஞ்சம், பொட்டாசியமும் கால்சியமும் பார்க்கும் மஞ்சள் மூடிக்கு மாற்றினால் டியூபின் பொட்டாசியமும் கூடவே போகிறது, நோயாளியின் கால்சியம் காணாமல் போகிறது. நாங்கள் அளப்பது பாட்டியின் உடம்பை அல்ல, டியூப் கம்பெனி போட்ட மருந்தை.

வெளிர் நீல மூடியிலும் இதே கவனம் வேண்டும். அதில் ரத்தத்தை உறையவிடாத சிட்ரேட் என்ற மருந்தை அளந்து ஊற்றியிருக்கிறார்கள். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு, அதுதான் கணக்கு. கோடு வரை நிரப்பாமல் பாதியில் விட்டால், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பொய்யாக ஏறும். இதய வால்வு மாற்றியவருக்கு அதை நம்பி, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையைக் குறைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சர்க்கரைக்குச் சாம்பல் மூடி, சர்க்கரை குறையாமல் காக்கும் ஃபுளோரைடு அதில் இருக்கிறது. ஃபுளோரைடு இல்லாத டியூபில் எடுத்துப் பைக் பையில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றினால், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறைந்துகொண்டே போகும்.

ரத்தம் எடுக்கும் தம்பி, தங்கைகளுக்கு: முதலில் வெளிர் நீலம், அப்புறம் சிவப்பு அல்லது மஞ்சள், அப்புறம் ஊதா, கடைசியில் சாம்பல். ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பாட்டில் இருந்தால் அதுதான் எல்லாவற்றுக்கும் முன்னால். ஊதாவை எட்டுப் பத்து தடவை மெதுவாகத் தலைகீழாகப் புரட்டுங்கள், குலுக்காதீர்கள். சரியாகக் கலக்காவிட்டால் உள்ளே சின்னச் சின்னதாக உறைந்து பிளேட்லெட் குறைவாகக் காட்டும். டெங்கு சீசனில் அப்படி ஓர் எண் வந்தால் ஒரு குடும்பமே பதறிப்போகும். கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள்.

நோயாளிகளுக்கு: நான்கு டியூபைப் பார்த்து "இவ்வளவு ரத்தமா" என்று பயப்படாதீர்கள். எல்லாம் சேர்ந்து 10, 12 மில்லிதான். ரத்த தானத்தில் 350 மில்லி எடுக்கிறார்கள். வெறும் வயிறு என்றால் தண்ணீர் குடிக்கலாம், குடித்துவிட்டு வாருங்கள். நரம்பு நன்றாகத் தெரியும், இரண்டாவது குத்தே தேவைப்படாமல் போகலாம். கையை மூடி மூடித் திறக்காதீர்கள், அதனாலும் பொட்டாசியம் ஏறும். குளுக்கோஸ் ஏறும் கையிலிருந்து எடுக்க விடாதீர்கள். டியூபில் உங்கள் பெயரை உங்கள் கண்முன்னேயே எழுதச் சொல்லுங்கள்.

மறுபடி குத்தவே முடியாத கைகள் உண்டு, தெரியும். கீமோ எடுப்பவர்கள், கைக்குழந்தைகள். அப்போதும் ஊற்றி நிரப்பாதீர்கள். லேபுக்கு ஒரு போன் செய்யுங்கள். கிடைத்த ரத்தத்தில் எந்த டெஸ்ட்டை முதலில் பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு, அதை மட்டும் செய்து தருகிறோம்.